பசந்திக்குச் சொல்லாதது

ஆமா, எங்க அப்பாதான். கொஞ்சம் மெதுவாப் பேசுவோம், இப்பதான் கண்ணசந்திருக்காங்க. இல்ல இல்ல, நீங்க காலை நீட்டிக்கோங்க, நான் இந்த ஓரத்துல உக்காந்துக்கறேன். நாங்க திருநெல்வேலி வரைக்கும் போறோம். நீங்க சென்னையில இறங்கிடுவீங்களா? மக வீட்டுக்கு வந்துட்டுப் போறீங்க. நல்லது.

நாங்க வந்தது ஊர் சுத்திப் பாக்கத்தான். அப்படித்தான் எங்க தம்பி கிளாட்சன் சொன்னான். பெங்களூர்ல இருக்கான். "அக்கா, அம்மாவைத்தான் கூட்டிட்டுப் போக முடியல, அப்பாவையாவது அவங்க இருந்த இடமெல்லாம் ஒரு தடவை காட்டிட்டு வந்துருவோம்"னான். ரோடு ட்ரிப்புன்னு பேரு வச்சான். விசாகப்பட்டினத்துல கார் எடுத்து அவனே ஓட்டினான். காலையில எங்களை இந்த ரயில்ல ஏத்திட்டு அவன் ஃப்ளைட்ல போயிட்டான். நான் அப்பாவைக் கூட்டிட்டுப் போறேன்.

போயிட்டு வந்தது நல்லாத்தான் இருந்தது. நல்லா இருந்ததுன்னுதான் ஊர்ல எல்லாருக்கும் சொல்லப் போறேன். ஆனா அங்க நான் ஒரு காரியம் செஞ்சிட்டேங்க. உங்களை நான் இனிமே பாக்கப் போறதில்ல, அதனால சொல்றேன்.

அப்பா பேரு செல்லையா. தபால் ஆபீஸ்ல வேலை பாத்தாங்க. ஒரு கன்வென்ஷன் ஜெபக் கூட்டத்துக்குப் போனவங்க, எழுந்து வரும்போது வேலையை விட்டுட்டு ஒடிசாவுக்கு மிஷனெரியாப் போறதுன்னு முடிவோட வந்தாங்களாம். அம்மா ரஞ்சிதம் ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. பெட்டியில என்னென்ன எடுத்து வைக்கணும்னு மட்டும் கேட்டாங்களாம். ராயகடா பக்கம் மலைக்குள்ள ஒரு ஊர், தும்பிகுடா. அங்க போய் இருபத்துச் சொச்சம் வருஷம் இருந்தாங்க. பள்ளிக்கூடம் நடத்தினாங்க, காய்ச்சலுக்கு மாத்திரை குடுத்தாங்க, ஒரு சின்னக் கோயில் கட்டினாங்க. மலை ஜனங்க பேச்சு அப்பாவுக்குத் தண்ணிபட்ட பாடு. தூக்கத்துலகூட சில சமயம் அந்தப் பேச்சுதான் வரும்.

நாங்க ரெண்டு பேரும் அங்க இல்ல. அவங்க கிளம்பும்போது எனக்கு ஆறு வயசு, என்னை நம்ம ஊர்ல ஹாஸ்டல்ல விட்டுட்டுப் போனாங்க. மிஷனெரி பிள்ளைங்களுக்குன்னே இருந்த ஹாஸ்டல். ஒரு வருஷம் தாத்தா வீட்ல இருந்துட்டுத் தம்பியும் வந்துட்டான். மலையில மலேரியா, பள்ளிக்கூடம் சரியில்ல, பாம்பு, அது இதுன்னு. மே மாசம் மட்டும் அம்மா அப்பா வந்து எங்களை உடன்குடியில தாத்தா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. ஜூன் ஒண்ணாம் தேதி திரும்பக் கொண்டு விட்டுடுவாங்க. இதை நான் குறையாச் சொல்லலங்க. யாரையும் குறை சொல்ற பழக்கம் எனக்குக் கிடையாது. கர்த்தருடைய ஊழியம். ஆனா வருஷத்துக்கு ஒரு மாசம் ஒரு பிள்ளைக்குப் பத்துமா? நீங்களே சொல்லுங்க. ஒரு மாசத்துல முதல் வாரம் வெக்கத்துல போயிடும், கடைசி வாரம் அழுகையில போயிடும்.

என் மகளும் ஏற்காட்டுல போர்டிங்லதான் படிக்கிறா. அது வேற. அது நல்ல ஸ்கூல், நீச்சல் குளமெல்லாம் இருக்கு.

எதுல விட்டேன்? கார்ல கிளம்பினோம். அப்பா முன் சீட்டுல. பின்னாடி நான், தலகாணி, மாத்திரைப் பை, ஃபிளாஸ்க். அப்பாவுக்கு எண்பது தாண்டியாச்சு, அம்மா போன இந்த ஒரு வருஷத்துல பேச்சே குறைஞ்சு போயிருந்தது. பார்வதிபுரம் தாண்டி மலை தெரிய ஆரம்பிச்சதும் பாருங்க, ஆளே மாறிட்டாங்க. அந்த மரம் இல்ல, இந்த வளைவு புதுசு, இங்க ஒரு சந்தை கூடும்னு வாய் ஓயல. தம்பி ஒரு கையால ஓட்டிக்கிட்டே மறு கையால வீடியோ எடுக்கிறான். "டேய், ரோட்டைப் பாரு"ன்னு நான் கத்திக்கிட்டே வந்தேன்.

முதல்ல அவங்க வந்து இறங்கின டவுன். அரிசி மில்லுக்குப் பின்னாடி ஒரு ரூம் எடுத்துத் தங்கி மொழி படிச்சாங்களாம். இப்ப அங்க ஒரு கல்யாண மண்டபம் நிக்குது. அப்பா அதுக்கு எதிர்ல நின்னு, "இங்கதான் உங்கம்மா முதல் தடவை சோத்தைக் கருக விட்டா"ன்னாங்க. அதுக்கு மேல அங்க பாக்க ஒண்ணும் இல்ல.

அப்புறம் ஒரு ஆத்துப் பாலம். "நிறுத்துப்பா"ன்னாங்க. இறங்கிக் கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாங்க. அந்தக் காலத்துல பாலம் கிடையாதாம். அம்மாவுக்கு மலேரியா மூளைக்கு ஏறி, கயித்துக் கட்டில்ல வச்சு நாலு பேர் தோள்ல தூக்கி இடுப்பளவு தண்ணியில இந்த ஆத்தைக் கடந்தாங்களாம். பிழைச்சதே பெருசுன்னாங்க. எந்த வருஷம்னு கேட்டேன். கணக்குப் போட்டா நான் மூணாங்கிளாஸ்.

"எங்களுக்கு ஏன்ப்பா எழுதல?"

"எழுதினா நீ அங்க தனியா பயப்படுவேன்னு அம்மா வேண்டாம்னுட்டா."

நான் எப்பவும் பயந்துக்கிட்டுத்தான் இருந்தேன், இதுல புதுசா என்ன? அதை வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டு கார்ல ஏறிட்டேன். தம்பி என் முகத்தைக் கண்ணாடியில பாத்துட்டு, "விடுக்கா"ன்னான். அவனுக்கு எல்லாத்துக்கும் அந்த ஒரு வார்த்தைதான்.

தும்பிகுடாவுக்குப் போய்ச் சேரும்போது மதியம். ரோடு முடியற இடத்துல ஒரு கூட்டம் நிக்குது. மேளம் அடிக்கிறாங்க. அப்பா இறங்கினதும் ஆளாளுக்குக் கையைப் பிடிக்கிறாங்க, தண்ணி ஊத்திக் காலைக் கழுவுறாங்க. எனக்கும் தம்பிக்கும் ஒண்ணும் புரியல, சிரிச்சுக்கிட்டே நின்னோம். அந்தக் கூட்டத்துக்குள்ள இருந்து ஒரு பொம்பளை வந்தா. என்னைவிட ஒரு நாலு வயசு சின்னவளா இருக்கும். கறுத்த, கட்டையான உடம்பு, மூக்குல ரெண்டு பக்கமும் வளையம், அங்கத்தி ஆளுங்க மாதிரியே சேலை கட்டு. நேரா என் முன்னாடி வந்து நின்னு, என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, "ஏட்டி பியூலா, வந்துட்டியா? வெயில் என்னமா அடிக்கி, உள்ள வாட்டி"ன்னா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. தமிழ் பேசினதுக்கு இல்லங்க. அது எங்க அம்மா பேச்சு. உடன்குடிப் பேச்சு, அதே இழுப்பு, அதே குரல் இறக்கம். நான் அப்படிப் பேச மாட்டேன். ஹாஸ்டல்ல ‘ஏட்டி’ன்னு சொன்னா வார்டன் அக்கா கையில அடிப்பாங்க. அங்க பல ஊர்ப் பிள்ளைங்க இருக்கிறதால எல்லாரும் ஒரே மாதிரி சுத்தமாப் பேசணும்னு. எங்க அம்மாவோட பேச்சு என் நாக்குல ஒட்டவே இல்ல. ஒடிசா மலையில ஒரு மலைஜாதிப் பொம்பளை நாக்குல உக்காந்திருக்கு.

மூத்தவளை ஏட்டின்னுட்டமேன்னு அவ உடனே நாக்கைக் கடிச்சுக்கிட்டா. "அம்மா அப்படியே சொல்லிச் சொல்லி ஒம் பேரே ‘ஏட்டி பியூலா’ன்னு மனசுல நின்னு போச்சு. மன்னிச்சிரு அக்கா"ன்னா.

அவதான் பசந்தி.

அந்தப் பேரு எனக்குத் தெரியாததில்ல. ஹாஸ்டலுக்கு வர்ற லெட்டர்ல அம்மா எழுதுவாங்க, ‘பசந்தி என்கிற தாயில்லாப் பிள்ளைக்காக ஜெபித்துக்கொள்’னு. நானும் ராத்திரி ஜெபத்துல வரிசையாச் சொல்லுவேன், மலை ஜனங்க, மழை, பசந்தி, பரீட்சைன்னு. அங்க வந்து போற ஏதோ ஒரு பிள்ளைன்னுதான் நெனச்சிருந்தேன். அவங்க வீட்லயே, அம்மா பக்கத்துலயே படுத்து வளர்ந்த பிள்ளைன்னு எனக்குத் தெரியாது. அவ அம்மா பிரசவத்துல போயிட்டா. அப்பன் அசாமுக்குத் தேயிலை வேலைக்குப் போனவன் திரும்பல. ரெண்டு வயசுல எங்க அம்மா தூக்கிட்டு வந்துட்டாங்க. எந்த வருஷம்னு கேக்காதீங்க. நான் கேட்டுத் தொலைச்சேன். என்னை ஹாஸ்டல்ல விட்ட அதே வருஷம்தான்.

மலேரியாவும் பாம்பும் அவளுக்கு மட்டும் ஒண்ணும் பண்ணாது பாருங்க.

பொறாமைன்னு நெனச்சுக்காதீங்க. எனக்கு அந்தக் குணமே கிடையாது, என் நாத்தனார்கிட்டகூட கேட்டுப் பாருங்க. ஆனா அவ வீட்டுக்குள்ள போனதும் வாசப்படியிலேயே நின்னுட்டேன். சுவத்துல அம்மா போட்டோ. அடுப்படியில சாமான் அடுக்கியிருந்த விதம் அம்மா அடுக்கிற விதம். கொடியில துணி போட்டிருந்தது அப்படித்தான். அப்பா அங்க கிடந்த கட்டில்ல போய் உரிமையா உக்காந்து சட்டையைக் கழட்டுறாங்க. எங்க வீட்ல மருமகனுக்கு முன்னாடி சட்டை இல்லாம ஒரு நாள் இருந்ததில்ல.

அப்பதான் ஒண்ணு வெளிச்சமாச்சு. ஊருக்குத் திரும்பி வந்த பிறகு அம்மா சனிக்கிழமை தவறாம யார்கூடயோ போன்ல மணிக்கணக்காப் பேசுவாங்க. ‘ஏட்டி’, ‘வாரேன்’, ‘சொல்லுதேன்’னு அந்த ஊர்ப் பேச்சு. சிரிப்பா இருக்கும். உடன்குடிப் பெரியம்மான்னுதான் நெனச்சேன். நான் ரூமுக்குள்ள வந்தா பேச்சைச் சுருக்கிடுவாங்க. அப்பாகிட்ட கேட்டேன், "அது இவளா?"ன்னு. "ம்"னாங்க. "உனக்கு முகம் வாடிப் போகும்னு பயப்படுவா"ன்னாங்க.

ரெண்டு நாள் இருந்தோம். நல்லாத்தான் கவனிச்சா. அவ புருஷன் வாய்பேசாத மனுஷன், கோழியடிச்சான், வெந்நி போட்டான். பசந்தி என் பின்னாடியே சுத்தினா. என் தலைமுடியைத் தொட்டுப் பாத்தா. "அம்மா முடிக்கா உனக்கு"ன்னா. முதல் நாள் சொல்றா, "சின்னதுல அம்மா என்னையப் பாதி நேரம் பியூலான்னுதான் கூப்பிடுவாவ. மறந்துபோயி வாயில வந்திரும். எனக்குக் கோவம் கோவமா வரும். எம் பேரு பசந்தின்னு தரையில உருண்டு அழுவேன். அப்ப அம்மாவும் அழுவாவ. ஏன் அழுதாவன்னு நான் பிள்ளை பெத்த பிறகுதான் புரிஞ்சிச்சு."

எவ்வளவு பெரிய விஷயம் பாருங்க. அவ அதை என்கிட்ட சொல்லணும்னு ஒரு கட்டாயமும் இல்ல. எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு எடுத்துக் குடுத்தா. அது இப்பத் தெரியுது. அன்னைக்கு அது என் காதுல சரியா ஏறவே இல்ல.

ரெண்டாம் நாள் சாயங்காலம் அவ அப்பாவுக்கு உளுந்தங்களி கிண்டினா. நல்லெண்ணெய், கருப்பட்டி எல்லாம் போட்டு. கருப்பட்டி ஏதுன்னு கேட்டேன். அம்மா இருந்த வரைக்கும் வருஷா வருஷம் பார்சல்ல அனுப்புவாங்களாம், அதுல மிச்சமாம். எனக்கும் ஒரு கிண்ணத்துல குடுத்துட்டுச் சொல்றா, "நான் வயசுக்கு வந்தப்ப அம்மா தினமும் இதைத்தான் கிண்டித் தருவாவ. முட்டையும் நல்லெண்ணெயும் வாயில ஊத்திவிடுவாவ. ‘இடுப்புக்குப் பலம்ட்டி, முழுங்கு’ம்பாவ. என்னையக் குளிப்பாட்டி விட்டதும் அவியதான்."

நான் வயசுக்கு வந்தது ஹாஸ்டல்ல. எட்டாங்கிளாஸ். வார்டன் அக்கா ரெண்டு பழைய துணியை மடிச்சுக் குடுத்து, "இதைத் துவைச்சு யாரும் பாக்காத இடத்துல காயப் போடணும்"னு சொன்னாங்க. அவ்வளவுதான் சடங்கு. அம்மாவுக்கு லெட்டர் போய், பதில் வர ஒரு மாசம். அதுல ‘கர்த்தர் உன்னைக் காப்பார்’னு இருந்தது.

அந்தக் களியை நான் தொடலங்க. கிண்ணத்தை வச்சிட்டேன்.

அதுக்குக் கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் அது நடந்தது. பின்பக்கம் அவ சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருந்தா. நான் தண்ணி ஊத்தினேன். சுத்தி யாரும் இல்ல. கையை நிறுத்தாமலே கேட்டா.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? அப்பாகிட்ட கேட்டேன். கடைசி நேரத்துல பக்கத்துல இருந்தது பியூலாதான், அவகிட்டயே கேளுன்னுட்டாவ."

"என்ன?"

"அம்மா கடைசியில என்னைய நெனச்சாவளா?"

நான் ஒரு நொடிகூட யோசிக்கல. அதுதான் இப்ப என்னைக் குடையுது. யோசிச்சுச் சொல்லியிருந்தாக்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும். "இல்ல பசந்தி. கடைசி மூணு நாலு நாள் நினைவே இல்ல. யாரையும் தேடல"ன்னேன்.

அவ ஒரு சட்டியைத் தேய்ச்சு முடிச்சா. "வலி இல்லாமப் போனாவளா?"

"ம்."

"அது போதும்க்கா"ன்னுட்டு அடுத்த சட்டியை எடுத்தா.

நடந்தது வேற. நீங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டீங்கன்னு சொல்றேன். ஆஸ்பத்திரியில பத்து நாள் அம்மாகூட நான்தான் இருந்தேன். நான் வேலை பாக்கிற ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு. துணி மாத்தி, துடைச்சு, புரட்டிப் படுக்க வச்சு எல்லாம் நான்தான். எனக்கு அதுல ஒரு சந்தோஷம்கூட இருந்தது, சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. என் வாழ்க்கையிலேயே அம்மாகூட ஒரே மூச்சா நான் மட்டும் இருந்தது அந்தப் பத்து நாள்தான். கடைசி நாள் காலையில கண்ணைத் திறந்தாங்க. என் முகத்தை நல்லாப் பாத்தாங்க. என் கையைப் பிடிச்சாங்க. "பசந்தி, தண்ணி குடுட்டி"ன்னாங்க.

"அம்மா, நான் பியூலாம்மா"ன்னேன்.

சிரிச்சாங்க. திரும்பவும், "பசந்தி, தண்ணி குடுட்டி." நான் குடுத்தேன். குடிச்சாங்க. அதுக்கப்புறம் பேசல.

அதை நான் எப்படிங்க அவகிட்ட தூக்கிக் குடுக்கிறது? பேச்சு அவகிட்ட இருக்கு, சமையல் அவகிட்ட இருக்கு, சனிக்கிழமையெல்லாம் அவளோடது. கடைசி வார்த்தையும் அவளுக்கா? நான் சொன்னது முழுப் பொய்யும் இல்ல. டாக்டரே சொன்னாரு, நினைவு வந்து வந்து போகும்னு. என்னைப் பசந்தின்னு நெனச்சுக் கூப்பிட்டதை நினைவுன்னு சொல்ல முடியுமா? இப்படி எல்லாம் எனக்கு நானே அன்னைக்கு ராத்திரி பேசிக்கிட்டு கிடந்தேன்.

மறுநாள் கிளம்பினோம். ஊரே ரோடு வரைக்கும் வந்தது. அப்பா பசந்தி தலையில கை வச்சு ரொம்ப நேரம் ஜெபம் பண்ணினாங்க. இனிமே பாக்க மாட்டோம்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அவ அழல. என் கையில ஒரு பொட்டலம் குடுத்தா, வழியில சாப்பிட. "அக்கா, ஒனக்குன்னு உறைப்பு கம்மியாப் போட்டிருக்கேன், ஒனக்கு வயித்துக்கு ஆவாதுன்னு அம்மா சொல்லுவாவ"ன்னா. நான் காருக்குள்ள ஏறிக் கண்ணாடியை ஏத்திட்டேன். வெயிலா இருந்தது.

மலையிறங்கி ஒரு டீக்கடை. தம்பி வண்டிக்குக் காத்து அடிக்கப் போனான். அப்பாவும் நானும் பெஞ்சுல. அப்பா டீயைக் கையில வச்சுக்கிட்டே என்னைப் பாக்காம கேட்டாங்க.

"அவ கேட்டாளா?"

"என்ன?"

"அம்மாவைப் பத்தி."

"கேட்டா."

"சொன்னியா?"

அப்பாவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில அன்னைக்கே கோவத்துல நான்தான் கொட்டித் தீர்த்தேன், பத்து நாளா நான் கிடக்கேன், உங்க பொஞ்சாதி யாரைக் கூப்பிடுறாங்க பாருங்கன்னு. அதனால இவங்ககிட்ட மழுப்ப முடியாது. "சொல்லல. யாரையும் தேடலன்னுட்டேன்"னேன்.

அப்பா திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டியிருந்தா என்கிட்ட பதில் தயாரா இருந்தது. நாப்பத்தஞ்சு வருஷமாத் தயாரா இருக்கு. ஆனா அவங்க டீயைக் கீழ வச்சாங்க.

"நான் சாகிறதுக்குள்ள நீ என்னை ஒரு நாள் கேப்பேன்னு இருந்தேன் பியூலா. ஏன்ப்பா எங்களை விட்டீங்கன்னு. பாலத்துல வச்சு நீ கேப்பேன்னு நெனச்சேன். இதுக்காகத்தான் இந்தப் பிரயாணத்துக்கே சரின்னேன். நீ கேக்கல."

நான் ரோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

"என்கிட்ட ஒரு நல்ல பதிலும் இல்ல. அன்னைக்கு அது சரின்னு பட்டது. எல்லாரும் செஞ்சாங்க, நாங்களும் செஞ்சோம். தப்புதான். உங்கம்மாவுக்கும் தெரியும். ஆனா கேக்க வேண்டிய ஆள் நான் இங்க முன்னாடி உக்காந்திருக்கேன். என்னை அடிக்க வேண்டியதை நீ போய் அவளை அடிச்சிட்ட. அவ என்னம்மா செஞ்சா?"

அப்பாவை நான் அப்படிப் பாத்ததில்லங்க. மேடையில நின்னு அழுது பாத்திருக்கேன், அது ஜனங்களுக்காக. இது வேற அழுகை. டீக்கடைக்காரன் உள்ள போயிட்டான். நான் அவங்க தோளைத் தொட்டிருக்கணும். தொடல. தம்பி வந்து ஹாரன் அடிச்சான், ஏறிட்டோம்.

நேத்து முழுக்க லாட்ஜ்ல அப்பா ஒண்ணும் சாப்பிடல, காஞ்ச பிஸ்கட் ரெண்டு தவிர. கோவமில்ல, பேசினாங்க, மாத்திரை கேட்டு வாங்கினாங்க. ஆனா என் கண்ணைப் பாக்கல. தப்பு பண்ணின பிள்ளை மாதிரி அவங்க இருந்தாங்க. தப்பு பண்ணினது நான், தலை குனிஞ்சது அவங்க. எனக்கு அதைத் தாங்க முடியல.

இன்னைக்கு இந்த வண்டியில ஏறி, அப்பா படுத்ததும், கதவுப் பக்கம் போய் நின்னு பசந்திக்கு போன் போட்டேன். முதல்ல எடுக்கல. ரெண்டாவது தடவை எடுத்தா. "அக்கா, ஏறிட்டியளா? அப்பா சாப்பிட்டாவளா?"ன்னா.

"பசந்தி, நான் உங்கிட்ட பொய் சொன்னேன்"னேன். வேற எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல.

"தெரியும்க்கா"ன்னா அவ.

"அப்பா சொன்னாங்களா?"

"அப்பா சொல்லல. நீ சொல்லும்போதே தெரிஞ்சிட்டு. மூக்கைத் தொட்டுக்கிட்டே சொன்ன. அம்மாவும் பொய் சொன்னா மூக்கைத்தான் தொடுவாவ."

எனக்கு அப்படி ஒரு பழக்கம் இருக்குன்னே எனக்குத் தெரியாதுங்க. எங்க வீட்டுக்காரர் சொன்னதில்ல, யாரும் சொன்னதில்ல. அம்மா என்கிட்ட பொய் சொல்லி நான் பாத்ததும் இல்ல. பொய் சொல்ற அளவுக்கு எங்ககூட எங்க இருந்தாங்க?

"உங்கிட்ட அம்மா என்ன பொய் சொன்னாங்க?"ன்னு கேட்டேன்.

"மே மாசம் வந்தா பெட்டியைக் கட்டுவாவ. நான் காலைக் கட்டிக்கிடுவேன். ‘ரெண்டு நாள்ல வந்திருவேன்ட்டி, அழாத’ம்பாவ. மூக்கைத் தொடுவாவ. எனக்குத் தெரிஞ்சு போவும். பக்கத்து வீட்டுக் கிழவிகிட்ட என்னைய விட்டுட்டு இறங்கிப் போவாவ. பள்ளத்துல தலை மறையிற வரைக்கும் நின்னு பாப்பேன். அந்த ஒரு மாசமும் நான் சரியாச் சாப்பிட மாட்டேன். ஊர்ல உள்ளவிய சொல்லுவாவ, ஒங்கம்மா அவ சொந்தப் பிள்ளைகிட்டப் போயிட்டா, இனி வர மாட்டான்னு. ஒவ்வொரு வருசமும் அப்படித்தான்க்கா நெனப்பேன்."

சாதாரணமாத்தான் சொன்னா. மே மாசம்னா எங்களுக்கு அம்மா வர்ற மாசம். பத்தாது பத்தாதுன்னு இத்தனை வருஷமாச் சொல்லிட்டிருக்கேனே, அந்த மாசம். அதை ஒரு சின்னப் பிள்ளை கையில இருந்து பிடுங்கிட்டு வந்துதான் எங்களுக்குக் குடுத்தாங்கன்னு ஒரு நாளும் நெனச்சுப் பாக்கல. கதவுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அம்மா எங்க ஒருத்தருக்கும் பத்தல.

"மன்னிச்சிரு பசந்தி"ன்னேன்.

அவ மன்னிச்சேன்னு சொல்லல. கேக்க மாட்டாளோன்னு இருந்தேன், கேட்டா. "சரி, இப்பச் சொல்லு. அம்மா என்ன சொன்னாவ?"

"உன்னைக் கூப்பிட்டாங்க. என்னை நீன்னு நெனச்சிட்டாங்க. தண்ணி கேட்டாங்க."

"எப்படிக் கேட்டாவ?"

"பசந்தி, தண்ணி குடுன்னு."

"அப்படி இல்லக்கா. அம்மா மாதிரியே சொல்லு. எப்படிச் சொன்னாவளோ அப்படியே சொல்லு."

எனக்கு அந்தப் பேச்சு வராதுன்னு சொன்னேனில்ல? நாக்கு புரளல. வண்டி சத்தம் வேற. ஒரு தடவை சொன்னேன், சரியா வரல. அவ காத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் ஆஸ்பத்திரிக் கட்டிலை மனசுல கொண்டு வந்து, அம்மா முகத்தைக் கொண்டு வந்து, அந்தக் குரல் எப்படி மேல போய் இறங்கிச்சுன்னு யோசிச்சு, மெதுவாச் சொன்னேன்.

"பசந்தி, தண்ணி குடுட்டி."

அவ அடுப்படியில இருந்து குரல் குடுக்கிற மாதிரி, சத்தமா, அவசர அவசரமாச் சொன்னா: "இந்தா வாரேம்மா, இந்தா வந்துட்டேன்."